திரை கொடுத்த ஏழு வருடம்

எங்கள் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் போன் அக்கா என்றே பெயர். மூளையில் நீர் தேங்கிய பிள்ளைகளுக்கு, அந்த நீரை வயிற்றுக்கு இறக்கிவிட உள்ளே ஒரு குழாய் வைப்பார்கள். அது என்றைக்கு அடைத்துக்கொள்ளும் என்று யாருக்கும் தெரியாது. மாதாமாதம் வீடுகளுக்குப் போன் போட்டு, "குழாய் நல்லா வேலை செய்யுதா?" என்று கேட்டு எழுதுவது அக்காவின் வேலை. சொந்த மகள் தலையிலும் அதே குழாய் இருந்ததால், யார் அழுதாலும் போனை வைக்கமாட்டாள்.

பெரிய டாக்டர் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் கொண்டுவந்தார். பழைய நோயாளிகளின் விவரத்தைப் போட்டால், புதுக் குழாய் எத்தனை வருடம் ஓடும் என்று சொல்லிவிடுமாம். கேக் எல்லாம் வெட்டினோம். திரும்பி வராமல், போனும் எடுக்காமல் போனவர்களை 'நலம்' என்று போடச் சொன்னார்.

"சார், நம்ம மேல கோவிச்சுக்கிட்டு வேற இடத்துல குழாய் மாத்தினவங்களும் இருப்பாங்களே?" என்று கேட்டாள் அக்கா.

"பிரச்சனைன்னா வந்திருப்பாங்கம்மா. வரலைன்னா நல்லா இருக்காங்க."

இந்தப் புண்ணியத்தில் எல்லாக் குழாய்களுக்கும் ஆயுள் கூடிவிட்டது. அக்கா மகளின் குழாய்க்குத் திரை ஏழு வருடம் கொடுத்தது.

குழாய் வைத்த மூன்றாம் வருடம் ஒரு காலை, மகள் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். அக்கா தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். டாக்டர் திரையைப் பார்த்தார்.

"இன்னும் நாலு வருஷம் இருக்கே. சாப்பாடு ஒத்துக்கலை போல."

"சார், பிள்ளை இங்க இருக்கா. அங்க என்ன தேடுறீங்க?"

அவர் திரும்பவில்லை. எனக்கு அந்தத் திரையைப் போட்டு உடைக்க வேண்டும்போல இருந்தது. அக்கா வாயைக் கொடுத்து நேரத்தை வீணாக்காமல் அடுத்த தெரு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அன்றே குழாயை மாற்றினார்கள். ஒரு நாள் தாமதித்திருந்தால் கண் போயிருக்கும் என்றார்கள்.

மறுமாதப் பட்டியலில் அவள் வீட்டு எண்ணும் இருந்தது. வேலை வேலைதானே, போட்டாள். மகள் எடுத்தாள்.

"குழாய் நல்லா வேலை செய்யுதா?"

"எதும்மா, பழசா புதுசா?"

அக்கா சிரிக்கவில்லை. எங்கள் திரையில் பழசுதான் இன்னும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. 'நலம்' என்று போட்ட பெயர்களை எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு, தன் செல்லிலிருந்து கூப்பிட ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரி எண்ணைக் கண்டால் எடுக்காதவர்கள் இப்போது எடுத்தார்கள்.

மூன்றாவது எண்ணில் ஒரு அப்பா.

"இப்பவாவது கேட்டீங்களே. பையன் போய் ஒரு வருஷம் ஆச்சும்மா."

திரையில் அந்தப் பையனின் குழாய்க்கு இன்னும் ஐந்து வருடம் பாக்கி இருந்தது.