மடைப்பள்ளித் தண்ணீர்

சேரன்மகாதேவியில் நாறும்பூநாதனைப் போல் தண்ணீர் மொள்ளத் தெரிந்தவர் கிடையாது. இருபது வருஷம் சிவன் கோயில் மடைப்பள்ளிக்குக் குடம் சுமந்தவர். நடு ஆற்றில் இடுப்பளவு இறங்கி, துண்டை நான்காக மடித்து வடிகட்டித்தான் எடுப்பார். குடத்தில் ஒரு தூசி கண்டால் போச்சு, அன்றைக்கெல்லாம் மனிதர் யாரோடும் பேசமாட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில் அம்பாசமுத்திரத்தில் வாந்திபேதி கண்டது. அங்கிருந்துதான் ஆறு கீழே வருகிறது. நாறும்பூநாதனுக்குக் கிலி பிடித்துக்கொண்டது. ஒரே மகள் அன்னத்தாய், உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டவள், ஏழு மாசம். தண்ணீரைக் காய்ச்சியே குடிக்கச் சொன்னார். விறகு கரைகிறதென்று மாமியார் முணுமுணுத்தாள்.

சர்வகலாசாலையிலிருந்து தொற்றுநோய் ஆராய வந்த டாக்டர் பாக்கியசீலன் முசாபரி பங்களாவில் தங்கினார். சோதனைக்குத் தண்ணீர் கொண்டுவர நாறும்பூநாதனை அமர்த்திக் குப்பிகளைக் கொடுத்தார்.

"படித்துறையிலயே எடும்வே. சனங்க குடிக்குத தண்ணிதான் எனக்கு வேணும்."

"ஆகட்டும்யா."

காதில் விழுந்ததே தவிர மனசில் ஏறவில்லை. அவ்வளவு படித்த மனிதருக்கு, துணி துவைக்கிற துறைத் தண்ணீரையா கொடுப்பது? சாமிக்கு எடுப்பதுபோலவே எடுத்துக் கொடுத்தார்.

மூன்று வாரம் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "கிருமி ஒண்ணுகூட இல்லவே. ஊருக்குப் பயமில்ல."

நாறும்பூநாதன் நேரே மகள் வீட்டுக்கு ஓடினார். "இனிமே காய்ச்ச வேண்டாம்ட்டி. டாக்டரே சொல்லிட்டாரு."

ஐந்தாம் நாள் கீழத்தெருவில் மூன்று பேர் பேதியில் விழுந்தார்கள். டாக்டர் படித்துறைக்கே வந்துவிட்டார்.

"எங்கனவே எடுத்தீரு? எடுத்துக் காட்டும்."

நாறும்பூநாதன் பெருமையாகவே நடு ஆற்றுக்கு இறங்கினார். துண்டை மடித்துக் குப்பியின் வாயில் வைத்தார். டாக்டர் தலையில் கைவைத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அழுக்குத் தண்ணியிலதான்வே நான் தேடணும்! அதைப் போயி வடிகட்டினீரா?"

குப்பி ஆற்றோடு போயிற்று. ஈர வேட்டியோடு நாறும்பூநாதன் மகள் வீட்டுக்கு ஓடிய ஓட்டத்தைத் தெருவே பார்த்தது.

அன்னத்தாய் பாயில் கிடந்தாள். கண் உள்ளே போயிருந்தது.

"தண்ணி தாங்கப்பா."

மூலையில் பானை நிறைய ஆற்றுத் தண்ணீர் இருந்தது. அதை அப்படியே கொடுக்க அவருக்குக் கை கூசியது. அடுப்பை மூட்டி ஒரு செம்பு தண்ணீரை ஏற்றினார். பச்சை விறகு, புகைந்தது. ஊதினார்.

"அப்பா, தண்ணி."

"இந்தா, கொதிச்சிரும்மா. கொஞ்சம் பொறுத்துக்க."

இன்னொரு தரம் கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை. அவர் திரும்பிப் பார்க்கப் பயந்துகொண்டு, அடுப்பையே ஊதிக்கொண்டிருந்தார்.