மலையேறும் ஜீப்பில் ஜப்பானிய மொழி

கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தபடியே, ஜப்பானில் வேலைக்கு முயலலாம் என்று கைபேசி வழி மொழி வகுப்பில் சேர்ந்தேன். எழுத்துகளை எப்படியோ சமாளித்துவிட்டேன். வாக்கிய அமைப்பு வந்ததும் மாட்டிக்கொண்டேன். ஆசிரியை ஆங்கிலத்தில்தான் விளக்குவார். ஆங்கில வாக்கியத்தை எழுதி, வினையைக் கடைசிக்குத் தள்ளச் சொல்வார். என் நோட்டு முழுக்க அம்புக்குறிகள். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார். விட்டுவிடலாம் என்றே முடிவு செய்திருந்தேன்.

என் கணவர் வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிறவர். அங்கிருக்கும் அம்மா வீட்டுக்குப் போக ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் நிறைய ஆட்கள். "வதாஷி வா மிசு ஓ நோமிமாஸ்" என்று நான் முணுமுணுத்ததைக் கேட்டு, அர்த்தம் கேட்டார்.

ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். வதாஷி என்றால் நான். மிசு, தண்ணீர். நோமிமாஸ், குடிக்கிறேன். 'வா' யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று காட்டும். 'ஓ', தண்ணியை என்பதில் வருகிற ஐ போல.

"நான் தண்ணியைக் குடிக்கிறேன். நாம பேசற மாதிரியேதான இருக்கு. நடுவுல இங்கிலீஷ் எதுக்கு?" என்றார், வளைவில் வண்டியைத் திருப்பிக்கொண்டே.

மடியிலிருந்த நோட்டைப் புரட்டினேன். எல்லா வாக்கியமும் தமிழ் வரிசையில்தான் இருந்தது. கேள்வி கேட்க நாம் ஆ சேர்க்கும் இடத்தில் அவர்கள் 'கா' சேர்க்கிறார்கள். ஊருக்கு என்பதில் வரும் 'கு' அவர்களுக்கு 'நி'. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சாமை மூட்டையோடு பின்னால் இருந்த அக்கா, "வெள்ளிமலைக்குப் போறேன்னு எப்பிடிங்க சொல்றது?" என்றார்.

"வெள்ளிமலை நி இக்கிமாஸ்."

"அவரு போறாருன்னா?"

அதற்கும் இக்கிமாஸ்தான், நான், நீ, அவர் யாருக்கும் வினை மாறாது என்றேன். "அப்ப நம்மளத விட சுலபம்" என்றார். ஊர் வந்து சேர்வதற்குள் ஜீப்பே இக்கிமாஸ் சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்த வகுப்பில் ஆசிரியை கேட்டு முடித்ததும் பதில் சொன்னேன். எப்படி இவ்வளவு சீக்கிரம் என்றார். தமிழிலேயே யோசிக்கிறேன் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வகுப்பிலிருந்த மற்ற தமிழ்ப் பெண்களுக்கு அதை என்னையே விளக்கச் சொன்னார். அந்த வாரமே தொடக்க நிலைத் தேர்வுக்கு விண்ணப்பித்தேன். முதல் முறையிலேயே தேறிவிட்டேன்.