விடைத்தாளின் பின்பக்கம்

விடைத்தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. அடித்தல் திருத்தல் இல்லாத அழகான தமிழ். நடுவில் ஒரு வரைபடம்: ஓர் ஆறு, அதன் இரு கரைகளிலிருந்தும் உள்ளே போகும் ஒடுங்கிய நீளமான காணித் துண்டுகள், ஆற்றோரமாக ஒவ்வொரு துண்டிலும் ஒரு சிறு வீடு. புவியியல் ஆசிரியை அந்தத் தாளை என் முன்னால் வைத்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது, சொல்ல முடியுமா?" என்று பிரெஞ்சில் கேட்டார். வகுப்பில் மற்ற எல்லோரும் குளிர்சட்டைகளை மாட்டிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள்.

அது மாஸ்டரின் விடைத்தாள்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. மொன்றியலில், வளர்ந்தவர்கள் படிக்கும் ஒரு நிலையத்தில் உயர்நிலைப் பள்ளியின் கடைசி இரண்டு வகுப்புகளை நாங்கள் மீண்டும் படித்துக்கொண்டிருந்தோம். எனக்கு இருபத்தெட்டு வயது. ஊரில் போர்க்கால இடப்பெயர்வோடு நின்றுபோன படிப்பு. காலையில் ஜான்-டலோன் சந்தையில் தக்காளியைத் தரம்பிரித்துப் பெட்டியில் அடுக்குவேன். மத்தியானம் வகுப்பு. நாலு மணிக்குக் குழந்தைகள் காப்பகமான கார்டரிக்கு ஓடிப்போய் மகளைத் தூக்க வேண்டும். மாஸ்டருக்கு நாற்பத்தாறு, நாற்பத்தேழு இருக்கும். யாழ்ப்பாணத்தில் பதினாறு வருடம் புவியியல் படிப்பித்தவர். சான்றிதழ்களெல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டன. இங்கே நில அளவைப் பயிற்சியில் சேர ஆசைப்பட்டுப் போனவரிடம், முதலில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் பதினாறு வருடம் படிப்பித்த அதே பாடத்துக்கு மாணவனாக வந்து உட்கார்ந்திருந்தார். வகுப்பு முடிந்ததும் லொங்குய்யில் பாண் சுடும் ஒரு தொழிற்சாலைக்குப் போவார். வேலை முடிந்து படுக்கும்போது விடியத் தொடங்கிவிடும் என்பார். வகுப்பில் கன்னத்தில் கையை வைத்தபடி கண் திறந்திருக்க உறங்குவார். நானும் அப்படித்தான். ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்து எழுப்பிக்கொண்டோம். எங்கள் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது.

அவருக்குப் பாடம் தெரியும், மொழி தெரியாது. எனக்கு மொழி ஓரளவு வரும், பாடம் வராது. சோதனைக்கு மூன்று கிழமை இருக்கும்போது என்னிடம் கேட்டார். "பிள்ளை, ஒரு மணித்தியாலம் என்னோடை இரும். நான் தமிழிலை சொல்லுறன், நீர் அதைப் பிரெஞ்சிலை ஆக்கித் தாரும். பேந்து நான் பாடமாக்கிறன்."

"ஓம் மாஸ்டர், கட்டாயம் இருப்பம்" என்றேன்.

அடுத்த கிழமை மகளுக்குக் காதுவலி. அதற்கடுத்த கிழமை சந்தையில் ஆள் குறைவு. மூன்றாம் கிழமை எனக்கு ஒன்றுமில்லை, களைப்பு மட்டும்தான். அவர் கொப்பியோடு வந்து நின்றபோது, "பேந்து பாப்பம் மாஸ்டர்" என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. கொப்பியைப் பைக்குள் வைத்தார். அந்தப் "பேந்து" வருவதற்கு முன் சோதனை வந்துவிட்டது.

இப்போது ஆசிரியைக்கு முன்னால் நின்று அந்தத் தமிழை வரிவரியாகப் பிரெஞ்சில் சொன்னேன். இந்த மாகாணத்துப் பழைய காணிகள் ஏன் ஆற்றிலிருந்து ஒடுங்கிய கீற்றுகளாக வெட்டப்பட்டன என்பது கேள்வி. மாஸ்டர் எழுதியிருந்தார்: 'அன்று ஆறுதான் தெரு. எல்லோருக்கும் தெருவில் ஒரு வாசல் வேண்டும். அகலத்தைக் குறைத்தால்தான் எல்லோருக்கும் வாசல் கிடைக்கும். வீடுகளும் அருகருகே அமையும். பனிக்காலத்தில் ஒரு வீட்டில் கூப்பிட்டால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும்.' கீழே மண், வடிகால், வண்டல் என்று இன்னும் அரைப் பக்கம் இருந்தது. ஆசிரியை கடைசி வரை கேட்டார்.

"எல்லாம் சரி" என்றார். "என் புத்தகத்தில் இருப்பதைவிட நன்றாக இருக்கிறது." பிறகு தாளை முன்பக்கம் திருப்பினார். பிரெஞ்சில் எழுதவேண்டிய இடத்தில் ஒன்றரை வசனம் இருந்தது. "நான் இதற்குத்தான் புள்ளி போடலாம்" என்றார். அவர் குரலும் களைத்திருந்தது.

மாஸ்டர் வெளியே நடைவழியில் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னவாம்?"

"எல்லாம் சரியாம் மாஸ்டர். ஆனா..."

"ஓம், ஓம். அவவிலை பிழையில்லை. மணி அடிக்கேக்கை நான் இன்னும் தமிழிலைதான் நிண்டனான்."

என்னைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்தக் குளிர்காலம் முழுக்க, வகுப்புக்கு முன் அரை மணித்தியாலம் உணவறையில் அவரோடு இருந்தேன். அவர் சொல்லும் பெரிய விளக்கங்கள் எனக்குத் தெரிந்த பிரெஞ்சுக்குள் அடங்கவில்லை. குறுக்கிக் குறுக்கி, ஒரு பந்தியை இரண்டு சின்ன வசனமாக்கிக் கொடுப்பேன். அவர் கண்ணை மூடி, தேவாரம் பாடமாக்குவதுபோல் முணுமுணுப்பார். சில நாள் முணுமுணுப்பு நின்றுவிடும். உறங்கியிருப்பார். எழுப்ப மனம் வராமல் நானும் மேசையில் தலையைச் சாய்த்துவிடுவேன்.

வசந்தத்தில் திரும்ப எழுதினார். தேறிவிட்டார்.

நான் மிச்சப் பாடங்களையும் முடித்து, பயிற்சி எடுத்து, இன்று ஒரு கார்டரியில் வேலை செய்கிறேன். மாஸ்டர் அந்த ஒரு பாடத்தோடு நிறுத்திக்கொண்டார். கணிதமும் பிரெஞ்சும் முடிக்காமல் கிடந்தன. அடுத்த தவணை அவர் வராதபோது தொலைபேசியில் கேட்டேன். "காணும் பிள்ளை, நான் களைச்சுப்போனன்" என்றார். அவருடைய நில அளவை அத்தோடு முடிந்தது. பாண் தொழிற்சாலையிலேயே இருந்துவிட்டார். இப்போது புரோசார்டில் மகளோடு இருப்பதாகக் கேள்வி. நான் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் சோதனை முடிவு வந்த நாள் மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை.

அன்று எனக்கு நகரின் நடுப்பகுதியில் ஓர் அலுவல் இருந்ததால் மெற்றோவில் இருவரும் ஒன்றாகப் போனோம். முடிவுத்தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். அறுபத்தொன்று. அறுபது எடுத்தால் தேறலாம்.

"சந்தோசமோ மாஸ்டர்?"

"நீர் சொல்லித் தந்ததை எழுதினன். நான் நினைச்சதை எழுதேல்லை" என்றார். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். பிறகு, "அறுபத்தொண்டு எடுத்த பிள்ளையளை நான் தண்டனையா வாங்கு மேலை ஏத்தி நிக்க விட்டிருக்கிறன், தெரியுமோ?" என்றார்.

தாளை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"ஒரு பெட்டை இருந்தவள். விடியத் தோட்டத்துக்குத் தண்ணி இறைச்சுப்போட்டு வந்து என்ரை பாடத்திலை நித்திரை கொள்ளுவாள். அடிச்சுத்தான் எழுப்பினனான். ஏன் நித்திரை எண்டு ஒருநாளும் கேக்கேல்லை."

லொங்குய் போகும் மஞ்சள் வழிக்கு மாறும் நிலையம் வந்தது. மாஸ்டர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். கதவு திறந்தபோது திரும்பி, "அவளின்ரை பேரும் மறந்துபோச்சு, பிள்ளை" என்றார். பிறகு வேலைக்குப் போகும் கூட்டத்தோடு படியிறங்கிப் போனார்.