அழைத்து வந்தவர் பெயர்

பினாங்கில் மீன் வாங்கப் போனால்கூட இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. பாசாரில் மீன் விற்கும் சீனப் பெண், "சியாப்பா பாவா?" என்பாள். யார் உன்னைக் கொண்டுவந்தது என்று அர்த்தம். ஊரில் இன்னார் மகள், இன்னார் பெண்சாதி என்றே கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிது. தனியாக வந்தேன் என்றால் சிரிக்கிறாள்.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே என் ஊர். புருஷன் இறந்தபின் இரண்டு வருஷம் அண்ணன் வீட்டில் கடைசி ஆளாகச் சாப்பிட்டேன். பிறகு தைக்கத் தெரிந்த கைகளை நம்பிக் கப்பலேறினேன். இப்போது இங்கே டத்தோ கிராமாட் தெருப் பக்கம் ஓர் அறை. கன்னியர் மடத்துப் பிள்ளைகளுக்கு உடுப்புத் தைக்கும் வேலை.

சென்ற வருஷம், பல நாட்டு அரசாங்கங்கள் கூடி ஐரோப்பாவில் வைத்திருக்கும் சபையிலிருந்து இரண்டு துரைமார் வந்தார்கள். பெண்களை நாடு விட்டு நாடு விற்கிறார்களா என்று விசாரணை. கூடவே ஒரு வெள்ளைக்கார அம்மாள். அவள் அரசாங்கத்து ஆள் அல்ல. பல தேசங்களில் கிளையுள்ள மாதர் சங்கத்துக்காக இங்கே பெண்கள் விடுதி நடத்துகிறவள். தனியாக வந்தவர்களின் பட்டியலை அவள்தான் கொடுத்தாளாம். அதில் நானும் இருந்தேன்; விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

மொழிபெயர்க்க யாழ்ப்பாணத்துக் கிளார்க் ஒருவர்.

"உம்மை ஆர் கொண்டுவந்தது?"

"கப்பல்தான் ஐயா."

அவர் துரை பக்கம் திரும்பி, "ஷி டஸ் நாட் நோ" என்றார். எனக்குத் தெரியாதாம்! மடத்தில் நாலு வருஷம் காதில் விழுந்த இங்கிலீஷ் அன்றைக்கு உதவியது.

"ஐ நோ," என்று எழுந்தேன். "ஐ கம். மைசெல்ஃப்."

அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பயப்படாதே, கப்பல் கிடைக்கும்வரை விடுதியில் இரு, பத்திரமாக ஊருக்கு அனுப்புகிறோம் என்றாள். நான் கையை உருவிக்கொண்டேன். துரையோ தாளை விட்டுத் தலை நிமிரவில்லை. 'அழைத்து வந்தவர் பெயர்' என்ற கட்டத்தை வெறுமையாக விட முடியாதாம். பேனாவை வாங்கி, அதில் தமிழில் எழுதினேன்: செபஸ்தியம்மாள்.

"இது உம்முடைய பெயரெல்லோ?" என்றார் கிளார்க்.

"ஆமாம். அதைச் சரியாகச் சொல்லுங்கள்."

இந்த முறை சரியாகச் சொன்னார். துரை தலை நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, போகச் சொன்னார்.

ஆனால் ஒன்றை மறைக்கமாட்டேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அஞ்சலை, சுங்கை பாக்காப் ரப்பர் தோட்டத்திலிருந்து ஓடிவந்தவள். அவளைப் பொய் சொல்லிக் கூட்டிவந்தவன் ஒரு கங்காணி. அதே அம்மாள்தான் சென்னையிலுள்ள தன் சங்கத்துக்கு எழுதி, அஞ்சலையின் தாயைத் தேடிப் பிடித்து, அஞ்சலையைத் தாயிடம் கப்பலேற்றி அனுப்பினாள். துரைமாரின் அறிக்கை அப்போது அச்சுக்குக்கூடப் போகவில்லை. அந்த அம்மாளை இன்றும் வழியில் கண்டால் கும்பிடுவேன். விடுதிக்கு மட்டும் போகமாட்டேன்.

அஞ்சலையிடம் அண்ணனுக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினேன். அவள் யாரையோ பிடித்து எழுதச் சொன்ன பதில் போன மாதம் வந்தது. "அக்கா, உங்க அண்ணன் கடுதாசிய வாங்கல. தங்கச்சி செத்துப்போச்சின்னு சொல்லிட்டாரு. மாதா கோயில்ல உங்களுக்குச் செத்தவங்க பூசைகூட வச்சாச்சாம்."

நான் அழவில்லை. இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாளன்று ஊரில் என் பெயருக்கு ஒரு மெழுகுவர்த்தி எரிந்திருக்கும். அதே மாலை, என்னைச் சேர்ந்த ஒருவர்கூடப் புதையாத இந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், பெயரழிந்த ஒரு சிலுவையடியில் நானும் ஒன்றை ஏற்றி, காற்றுக்கு அணையாமல் இரண்டு கைகளாலும் மறைத்துக்கொண்டு நின்றேன்.