கல்லுப்பில் கழுவிய வேர்

எழுபதுகளின் கடைசியில் தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். இமயமலையின் உயரமான சரிவிலிருந்து பேராசிரியர் கொண்டுவந்த ஒரே ஒரு புல் கொத்து என் பொறுப்பில் இருந்தது. அதன் வேருக்குள் ஒரு பூஞ்சை குடியிருந்து மண்ணின் சத்தை உறிஞ்சித் தரும். பதிலுக்குப் புல் அதற்குச் சர்க்கரை கொடுக்கும். அந்தப் பூஞ்சையைக் கண்டு காட்டுவதுதான் என் வேலை.

ஒருநாள் காலை அதை நான் வாடகைக்கு இருந்த வீட்டில் வைத்துவிட்டுக் குளித்து வந்தேன். வீட்டுக்கார மேரியக்கா கையில் மீன் சட்டி. அதற்குள் என் புல்.

"ஏளா, வேரெல்லாம் ஒரே சகதி. மீன் கழுவுத மாதிரி கல்லுப்பு போட்டு நல்லா தேச்சுட்டேன்."

சட்டியைப் பிடுங்கி வேரைப் பார்த்தேன். வேரின் தோல் உரிந்தால் பூஞ்சையும் போய்விடும். இன்னொரு கொத்துக்கு எங்கே போவேன்? என் முகத்தைப் பார்த்து அவளும் வெளிறிப்போனாள். கல்லூரிக்குக் கூடவே ஓடிவந்தாள். வேர்த்துண்டை வேகவைத்துச் சாயமேற்றும்வரை ஜெபமாலையை விடவில்லை.

நுண்ணோக்கியில் குனிந்தேன். கண்ணைத் திறக்கத் துணிவில்லை. மெல்லத் திறந்தேன். வேருக்குள் குட்டி மரங்கள்போல், சாயம் பிடித்த பூஞ்சையின் நீலக் கிளைகள்!

அக்காவும் பார்த்தாள். "இம்புட்டு தேச்சும் போகலையே, மாதாவே!"

அப்போதுதான் கவனித்தேன், கோத்திருந்த எங்கள் கைகளுக்கு நடுவே அந்த ஜெபமாலை நடுங்கிக்கொண்டிருந்தது. அது யாருடைய நடுக்கம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.