பதினோரடிச் சுவர்

யார் எதைச் சொன்னாலும் "ஆதாரம் எங்கே?" என்று கேட்டுக் கேட்டே, ஓய்வுபெற்ற அந்தக் கணக்கு வாத்தியாருக்கு ஊரில் ஆதாரம் என்று பெயர் நிலைத்துவிட்டது. பேய் என்றால் ஆதாரம், ராசி என்றால் ஆதாரம், மாப்பிள்ளை நல்ல பையன் என்றால் அதற்கும் ஆதாரம். மகள் கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போனது அதனால்தான் என்று மனைவி இன்றும் சொல்வார். அதற்கு மட்டும் வாத்தியார் ஆதாரம் கேட்பதில்லை.

ஊர்க்கோடியில் பழைய பண்ணை வீடு ஒன்று இருந்தது. ஒரே இரவில் பூதம் கட்டிய வீடு என்று ஊர் நம்பியதைப் பொறுக்காமல், வீட்டை அளந்து, படம் போட்டு, நாற்பது பக்கத்தில் ஒரு புத்தகமே வெளியிட்டார். வெளியே நீளம் அறுபத்திரண்டு அடி. உள்ளே கூடம், அறைகள், களஞ்சியம், முன்சுவர், நடுச்சுவர்கள் எல்லாம் சேர்த்து ஐம்பத்தோரு அடி. மிச்சம் பதினோரு அடியைப் பின்சுவரின் கனம் என்று கறுப்பு மையால் நிரப்பினார். அதோடு விட்டாரா? வெயிலை உள்ளே விடாத அந்தப் பருத்த சுவரில் முன்னோரின் வெப்ப அறிவியலைக் கண்டு, ஒரு முழுப் பக்கம் மெய்சிலிர்த்தும் இருந்தார்.

புத்தகம் வந்த மூன்றாம் மாதம், பால்காரம்மா அந்தப் புத்தகத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். பண்ணையில் முப்பது வருடமாக மாடு கறப்பவர். அவருக்கு முன்னால் அவர் அம்மா கறந்தார்.

"வாத்தியாரே, நான் என்ன சுவத்துக்குள்ளயா குடியிருக்கேன்?"

"என்னம்மா சொல்றீங்க?"

"பண்ணைக்காரர் வீட்டை விக்கிறாரு, என் அறையைக் காலி பண்ணுங்கறாரு. வீட்டோட சேர்த்துக் கட்டின அறைன்னா வேற எடம் குடுத்துட்டுத்தான் வெளியேத்தணுமாம். அவரு தாசில்தார் ஆபீசுல உங்க புத்தகத்தைக் காட்டி, இதுல அந்த அறையே இல்ல, நேத்து போட்ட கொட்டகைன்னுட்டாரு. நாளைக்கு விசாரணை."

வாத்தியார் படத்தைப் பிரித்தார். வீட்டின் பின்கோடியிலிருந்த அந்த அறைக்கு வீட்டுக்குள்ளிருந்து வழி கிடையாது. கதவு தொழுவத்துப் பக்கம். சாணி மிதிக்க வேண்டுமே என்று அவர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பதினோரு அடிச் சுவர்! கோட்டைக்குக்கூட அவ்வளவு கனம் எதற்கு? எட்டாம் வகுப்புப் பையன் இப்படி விடை எழுதியிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்.

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "பூதம் கட்டுச்சுன்னு சொன்னவங்களாச்சும் ஒரு மனுசியைச் சுவத்துல வச்சுப் பூசல."

அன்றைக்கே போய் அளந்தார். அறை எட்டடி, இருபுறச் சுவரும் ஒன்றரை ஒன்றரை. கூட்டிப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

மறுநாள் விசாரணையில் அதைச் சொன்னதும் பண்ணைக்காரர் சிரித்தார். "புத்தகத்துல ஒண்ணு, இங்க ஒண்ணு. எந்த வாத்தியாரை நம்பறது சார்?"

"ரெண்டு பேரையும் நம்பாதீங்க," என்றார் வாத்தியார் அதிகாரியிடம். "அந்தப் படத்தைப் போட்டவன் முட்டாள். அது நான்தான். அவன் பேச்சைக் கேட்டு இந்த அம்மாவைத் தெருவுல நிறுத்தாதீங்க. வந்து சுவர் சேர்ற மூலையில பூச்சைக் கொத்திப் பாருங்க. பின்னால ஒட்ட வச்சதுன்னா நடுவுல நேர்கோடா இடைவெளி தெரியும். ஒண்ணாக் கட்டினதுன்னா செங்கல் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்திருக்கும்."

எது தெரியும் என்று அவருக்கே தெரியாது. அன்று மதியமே அதிகாரி பண்ணைக்கு வர, கொத்தனார் மூலையில் உளியை வைத்தார். பால்காரம்மா அவரைப் பார்க்கவில்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது.

"ஒரே கை வேலைங்க," என்றார் கொத்தனார், கோத்த செங்கல்களைத் தடவிப் பார்த்து. "அடியிலேருந்து ஒண்ணாத்தான் ஏத்தியிருக்காங்க."

மாற்று இடம் தராமல் வெளியேற்றக் கூடாது என்று அதிகாரி அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பண்ணைக்காரர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் காரில் ஏறினார்.

வாத்தியாருக்கோ நிம்மதியைவிடக் கோபம்தான் வந்தது. கூடத்துக்குப் பன்னிரண்டு சன்னல் வைத்த அதே கைகள் இந்த அறைக்கு ஒன்றுகூட வைக்கவில்லை. மறந்துபோயா?

"புத்தகத்துல என்னைச் சேப்பீங்களா?" என்று கேட்டார் பால்காரம்மா.

"கடைசியில ஒரு வரி திருத்தம் போட்டுடறேன்மா."

"நல்லாருக்கே! கூடத்துத் தூணுக்கு மூணு பக்கம், எனக்கு ஒரு வரியா? உள்ள வாங்க. கதவைச் சாத்திட்டுக் கொஞ்ச நேரம் உக்காந்து, அப்புறமா எழுதுங்க."

உட்கார்ந்தார். கதவைச் சாத்தியதும் மடியிலிருந்த நோட்டே தெரியவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக, குத்துமதிப்பாக எழுதத் தொடங்கினார்.