அந்த வீட்டில் மூன்று நாள் ஞாயிற்றுக்கிழமை

காலண்டர் யோசனை என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் போகப் போக வேறு யார் தலையிலாவது கட்டிவிடத் தோன்றும்.

வயதானவர்களை வீட்டிலேயே வைத்துக் கவனிக்க ஆள் அனுப்பும் கம்பெனி ஒன்றில், நாவலூரில் வேலை பார்த்தேன். போகிற ஆட்கள் எங்கள் ஆட்கள் இல்லை. சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் காண்ட்ராக்டர் ஒருவர் அனுப்புவார். அவர்கள் ஒழுங்காகப் போகிறார்களா என்று பார்ப்பது என் வேலை. போகாமலே கையெழுத்துப் போடுகிறவர்களைப் பார்த்து எரிச்சலாகி ஒரு விதி போட்டேன். தினமும் ஒன்பது மணிக்குள் பெரியவர்களின் போட்டோ வர வேண்டும், பின்னால் தேதி கிழிக்கும் காலண்டர் தெரிய வேண்டும். தேதி சரியாக இருந்தால்தான் ஆப்பில் ஓகே. ஆபீசில் கைதட்டினார்கள். எனக்கும் தலைக்கனம் ஏறியது.

மாமல்லபுரம் தாண்டிக் கடலோரமாக ஒரு வீடு. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் அங்கே தனியாக இருந்தார், மகன் வெளிநாட்டில். மூட்டுவலிக்கு வாரம் ஒரே ஒரு மாத்திரை, ஞாயிற்றுக்கிழமை மட்டும். கூடிப்போனால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தம்மாவுக்கு ஞாபகம் நழுவத் தொடங்கியிருந்ததால் மகன் ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார்: அந்தக் காலண்டரில் ஞாயிறு மட்டும்தான் சிவப்புத் தாள், தாள் சிவப்பாக இருந்தால் அந்த மாத்திரை. விரல்கள் மடங்காததால் தாளைக் கிழிப்பது மட்டும் கவனிக்க வரும் பெண்.

இரண்டு மாதம் படங்கள் ஒழுங்காக வந்தன. பிறகு அந்தம்மாவின் உதடு சிவந்து தெரிந்தது. காண்ட்ராக்டரைக் கேட்டேன்.

"இன்னா மேடம், இதுக்கெல்லாம் போன் போட்டுகினு. பாட்டி வெத்தல போட்டுகினு கீறாங்க."

நம்பினேன். நம்புவது சுலபமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை, அன்றைய படத்தை முந்தைய நாள் படத்தோடு வைத்துப் பார்த்தேன். புடவை வேறு, தேதி வேறு. மேஜைமேல் கிடந்த வாழைப்பழத் தோல் மட்டும் இரண்டிலும் அதே இடத்தில், அதே மடிப்போடு. பழைய படங்களையும் திறந்தேன். வாராவாரம் இதே கதை. நான் தேதியைத் தவிர எதையுமே பார்த்ததில்லை.

காண்ட்ராக்டருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது ஒப்பந்தம். சொல்லாமல் பஸ் ஏறினேன்.

மெஸ்காரர் மாட்டிவிட்டுப் போன சாப்பாட்டுக் கேரியர் கேட்டிலேயே தொங்கியது. அந்தம்மா நாற்காலியில் இருந்தார். வாயோரம் ரத்தம் காய்ந்திருந்தது. பேச வலித்தாலும் சிரித்தார்.

"ஞாயித்துக்கிழமையாச்சே, லீவு நாள்ல எதுக்கும்மா அலையற?"

சுவரில் தாள் சிவப்பாக இருந்தது.

"மாத்திரை போட்டுட்டேன், மறக்கல."

வெள்ளிக்கிழமை வந்த பெண் புடவையை மாற்றி மாற்றி உடுத்திவிட்டு, தாளை ஒவ்வொன்றாகக் கிழித்து, மூன்று நாள் படத்தையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். இனி திங்கட்கிழமைதான் வருவாள். அதுவரை அந்த வீட்டில் மூன்று நாளும் ஞாயிற்றுக்கிழமை. மூன்று மாத்திரை. எத்தனை வாரமாக என்று எண்ணிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வாய், தொண்டை எல்லாம் புண், ரத்த அணுக்கள் பாதாளத்துக்கு இறங்கிவிட்டன, எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். காண்ட்ராக்டரின் போன் அணைந்தே கிடந்தது.

மறுநாள் ஞாயிறு. காலை எட்டரைக்கு வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோது என் போனில் படம் வந்தது. பச்சைப் புடவையில் அந்தம்மா, பின்னால் சிவப்புத் தாள், தேதி சரி. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அதே அம்மா மூக்கில் குழாயோடு படுத்திருந்தார்.

அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். எங்கே இருக்கிறாய் என்றேன்.

"பாட்டிம்மா வூட்லதான் மேடம் கீறேன். கஞ்சி குடுத்துகினு கீறேன்."

நான் எங்கே இருக்கிறேன் என்று சொன்னேன். அவள் அழுதாள்.

"மூணு வூட்ட என் தலைல கட்டிட்டாரு மேடம். நான் இன்னா பண்றது? தேதி தெரிஞ்சாத்தான் ஓகேன்னு நீங்கதான சொன்னீங்க?"

திட்டத்தான் போன் போட்டிருந்தேன். போனை வைத்துவிட்டேன்.

புதன்கிழமை அந்தம்மா இறந்தார். அந்தப் பச்சைப் புடவைப் படத்துக்கு நான் ஓகே போடவில்லை, அழிக்கவும் இல்லை. ஆப்பைத் திறக்கும்போதெல்லாம் முதலில் அதுதான் வருகிறது. எல்லாம் சரியாக இருக்கிறது, உங்கள் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது என்கிறது.